கெடாத் தோட்டத் தமிழரின் குடிவழியும் ஏடுகளும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சிற்றூர் ஒன்றில் பிறர் நிலத்தை உழுது பிழைத்த கூலியாள் ஒருவனின் பெயரை, அவன் இறந்து முந்நூறு ஆண்டு கழிந்த பின்னரும் கண்டெடுக்க முடியும். அவன் நிலம் படைத்தவன் அல்லன், எழுத்தறிந்தவனும் அல்லன். ஆயினும் அவன் திருமுழுக்குப் பெற்ற நாள், மணம் புரிந்த நாள், அடக்கம் செய்யப்பட்ட நாள் ஆகிய மூன்றும் அவ்வூர்த் திருச்சபை ஏட்டில் பெரும்பாலும் இருக்கும். கெடா மாநிலத் தோட்டமொன்றில் பால்மரம் சீவிய தமிழன் ஒருவனின் பெயரையோ, அவன் இறந்து எழுபது ஆண்டு ஆவதற்குள்ளாகவே அவனுடைய பேரன் தேடிக் காண இயலாமற் போகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாயிற்று, அதனை எவ்வளவு தூரம் ஈடு செய்யலாம் என்பன ஆராயத் தக்கவை.

கடாரம் என்னும் பெயரைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். முதலாம் இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தியதும், அதற்கு முன்னரே கடாரத்து மன்னன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியதும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கப்படுகின்றன. சோழர் குலமுறையைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தலைமுறை தலைமுறையாக எடுத்துரைக்கின்றது. அதே நாகப்பட்டினத்தில் கப்பலேறி அதே கடாரத்துக்கு வந்து சேர்ந்த தம் பூட்டியின் ஊர் எது என்று கேட்டாலோ, படித்தவரும் ‘தஞ்சாவூர்ப் பக்கம்’ என்பதோடு நின்று விடுகின்றனர்.

ஆங்கில நாட்டு ஏடுகள் தாமாகத் தோன்றியவை அல்ல. எட்டாம் ஹென்றி மன்னனின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல் 1538ஆம் ஆண்டில் நாட்டின் ஒவ்வொரு திருச்சபைப் பங்குக்கும் ஆணை பிறப்பித்தார். வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமையன்று, அந்த வாரத்துத் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் குருவானவர் சாட்சி முன்னிலையில் எழுதுதல் வேண்டும். எழுதிய ஏட்டைப் பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும் என்பது கட்டளை. புதிய வரி விதிப்பதற்கே இந்த ஏடு என்று மக்கள் அஞ்சினர். 1598இல் தாளேடுகளைத் தோலேட்டில் படியெடுக்கவும், ஆண்டுதோறும் ஒரு படியை மேற்றிராணியாருக்கு அனுப்பவும் விதி செய்யப்பட்டது. 1603ஆம் ஆண்டின் திருச்சபை விதிகள் பெட்டிக்கு மூன்று பூட்டு வேண்டும் என்றன. ஒரு சாவி குருவிடமும் மற்றவை கோயில் காப்பாளரிடமும் இருக்கும். எவரும் தனியே திறந்து எழுத்தைத் திருத்த இயலாது. 1754 முதல் மணமக்கள் கையொப்பமோ சிலுவைக் கீறலோ இட வேண்டியதாயிற்று. 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது. அதில் தந்தையின் தொழிலுக்கும் ஒரு பத்தி உண்டு. 1837 ஜூலையில் அரசாங்கமே பிறப்பு, இறப்பு, மணப் பதிவை மேற்கொண்டது. 1978ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நூறாண்டுக்கு மேற்பட்ட ஏடுகள் மாவட்ட ஆவணக் காப்பகங்களுக்குச் சென்றன.

அவை குறையற்றவை என்றும் கருதலாகாது. 1640களின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஏடுகள் பல இடையற்றுக் கிடக்கின்றன. மாற்றுச் சபையாரின் பெயர்கள் ஊர் ஏட்டில் விடுபட்டுப் போயின. எனினும் ஏழையின் வரலாற்றுக்கு அந்நாட்டில் இன்னொரு வாயிலும் உண்டு. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வறுமையுற்றவனுக்குச் சோறிட வேண்டியது அவன் உரிமை பெற்ற பங்கு. பிறிதோர் ஊரில் பிச்சைக்கு நின்றால் அவனை நடுவர் முன் நிறுத்தி, எங்கே பிறந்தாய், எவரிடம் ஓராண்டு முழுதும் ஊழியம் செய்தாய், எங்கே மணந்தாய் என்று விசாரித்து எழுதுவர். அவனை ஊரை விட்டு விரட்டுவதற்காக எழுதப்பட்ட அந்த வாக்குமூலமே இன்று அவன் வழித்தோன்றல்களுக்குக் கிடைக்கும் வாழ்க்கை வரலாறு. இதனை நினைவில் வைத்துக் கொண்டால் பின்னர் வரும் குடியுரிமைச் செய்தி நன்கு விளங்கும்.

கங்காணி வழியும் கப்பல் வழியும்

கெடா 1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கை வரையில் சயாமின் மேலாட்சிக்கு உட்பட்டிருந்தது. பின்னர்ப் பிரித்தானியரின் பாதுகாப்பில் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் கூலிம், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் விரிந்தது பெரும்பாலும் அதற்குப் பின்னரே. 1911ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கெடாவில் இந்தியர் ஏறத்தாழ 6,000 பேர். 1921இல் 33,000 பேர். 1931இல் 50,000 பேர். ஆண்டும் எண்ணும் கூர்ந்து நோக்கத் தக்கன. ஒப்பந்தக் கூலிக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது; எஞ்சிய ஒப்பந்தங்களும் சில ஆண்டுகளில் முடிந்தன. ஆகவே கெடாத் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலியாக வந்தவரல்லர். கங்காணி வழியாகவோ தாமாகவோ வந்தவர்.

ஏடு தேடுவோர்க்கு இது பெரிய இழப்பு என்பது கேட்கப் புதுமையாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றோரைப் பாருங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16இல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொட்டு 1911 வரை அங்கு இறங்கிய ஏறத்தாழ 1,52,000 பேருக்கும் தனித்தனி எண் உண்டு. தந்தை பெயர், ஊர், தாலுகா, சாதி, உடல் அடையாளம் முதலியன பட்டியலில் உண்டு. மொரீசியசில் ஒளிப்படங்களும் உள. ஒப்பந்த முறை கொடிது. அதன் ஏட்டுச் செம்மைக்கு அக்கொடுமையே காரணம். ஓடிப் போனால் பிடித்துக் கொணர வேண்டிய ஆளை நன்றாக எழுதி வைத்துத்தானே ஆக வேண்டும்? கங்காணி ஆளோ ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு நீங்கலாம். சட்டத்தின் முன் அவன் கட்டற்றவன். ஆதலின் அவனை அத்துணை நுணுக்கமாக எழுத எவருக்கும் தேவை இருக்கவில்லை. நேட்டாலுக்கு உள்ளது போல ஒரே இடத்தில் தொகுத்த பெயர்ப் பட்டியல் மலாயாத் தமிழருக்கு இல்லை.

ஆனால் கங்காணி வழிக்கும் ஒரு தாள் வரிசை இருந்தது. தோட்டத்தில் வேலை செய்த கங்காணிக்குத் துரையின் பேரில் உரிமச் சீட்டு வழங்கப்பட்டது. அதனுடன் அவர் தம் சொந்த ஊருக்கே சென்று, உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டினார். ஊர் மணியக்காரர் ஒப்புதல் தர வேண்டும். பின்னர் ஆவடி முகாம் அல்லது நாகப்பட்டினம் முகாம். பின்னர் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கப்பலில் ஏறத்தாழ ஒரு வாரம். பின்னர்ப் பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாம். அதன் பின்னரே தோட்டம். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவிப் பயணத்தில் தொழிலாளர் செல்வதைத் தடை செய்ததோடு இவ்வழி அடைபட்டது.

இதில் தேடுவோர்க்குக் கைகொடுக்கும் உண்மை ஒன்று உண்டு. கங்காணி தம் ஊரிலும் சுற்றூர்களிலுமே ஆள் சேர்த்தார். ஆகவே லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் பல வேளைகளில் பழைய நாட்டிலும் பக்கத்து ஊரினரே. ஒருவரின் ஊர் தெரியாவிட்டால் அவரைச் சேர்த்து வந்த கங்காணியின் ஊரைத் தேடலாம். அதுவும் தெரியாவிட்டால் அதே கங்காணியின் தலைக்காசுக் கணக்கில் இருந்த வேறு குடும்பத்தாரைக் கேட்கலாம். ஆங்கில நாட்டில் திருமுழுக்குச் சாட்சிகளையும் மணச் சாட்சிகளையும் பின்தொடர்ந்து செல்வதும் இதே வழியே ஆகும்.

ஒரு குழந்தை, நான்கு ஆண்டுக் கணக்கு

கெடாவுக்கே உரிய சிக்கல் ஒன்றுண்டு. பேராக்கிலும் சிலாங்கூரிலும் தேடிப் பழகியவரும் இங்கு வந்தால் தடுமாறுவர். கெடா அரசாங்கம் கூட்டரசு மலாய் மாநிலங்களில் சேராதது. அதன் அலுவல் மொழி மலாய்; எழுத்து ஜாவி; ஆண்டு ஹிஜ்ரி. ஆங்கில ஆலோசகர் எழுதிய ஆண்டறிக்கைகளே ஹிஜ்ரி ஆண்டைத் தலைப்பில் தாங்கியவை. சட்டங்களுக்கும் அதே ஆண்டு எண்தான். அலோர் ஸ்டாரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையில் இருக்கும் பழைய செயலகக் கோப்புகளைத் திறப்போர் இதனை அறியாவிடின் 1350 என்ற எண்ணைக் கண்டு மருள்வர்.

ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைப் பற்றியது; ஏறத்தாழ 354 நாள் கொண்டது. ஆகவே 33 ஹிஜ்ரி ஆண்டு 32 ஆங்கில ஆண்டுக்குச் சமம். வகுப்பறைக் கணக்காகவே இதனைப் போடலாம். 1350ஐ 33ஆல் வகுத்தால் ஏறத்தாழ 41 வரும். 1350இல் 41ஐக் கழித்தால் 1309. அதனோடு 622ஐக் கூட்டினால் 1931. உண்மையில் 1350ஆம் ஹிஜ்ரி ஆண்டு 1931 மே மாதத்தில் தொடங்கி 1932 மே மாதத்தில் முடிந்தது. கழிக்காமல் 622ஐ மட்டும் கூட்டியோ, தோராயமாக ஒரு தொகையைக் குறைத்தோ ஆண்டு சொல்வது பெரும் பிழையில் கொண்டு விடும்.

அதே குழந்தைக்குத் தமிழ்ச் சாதகக் குறிப்பு இருக்குமாயின் அதில் ‘பிரசோற்பத்தி, மார்கழி’ என்றிருக்கலாம். பிரசோற்பத்தி ஆண்டு 1931 ஏப்ரல் முதல் 1932 ஏப்ரல் வரையில். மார்கழி டிசம்பர் நடுவில் தொடங்கிச் சனவரி நடுவில் முடியும். 1350ஆம் ஆண்டின் ஷஅபான் மாதமும் ஏறத்தாழ அதே நாட்களில் வந்தது. ஆக, ஜாவித் தாளில் ‘ஷஅபான் 1350’ என்றும், பாட்டி வைத்திருந்த மஞ்சள் தடவிய தாளில் ‘பிரசோற்பத்தி மார்கழி’ என்றும் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று மெய்ப்பிக்கின்றன. எண் கணக்கை மட்டும் நம்பியவர் 1931 என்று முடிவு கட்டி விடுவார். குழந்தையோ 1932 சனவரியில் பிறந்திருக்கக் கூடும். நட்சத்திரமும் கிழமையும் கூடக் குறிக்கப்பட்டிருந்தால் நாளையே பஞ்சாங்கத்தைக் கொண்டு கண்டு விடலாம். சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவரும் சாதகத் தாளைக் கிழித்தெறியாமல் இருப்பது நன்று.

மூன்றாவது கணக்கு சப்பானியருடையது. 1942 முதல் அவர்கள் ஆட்சியில் எழுந்த தாள்களில் 2602, 2603 என்று ஆண்டு காணப்படும். அதில் 660ஐக் கழித்தால் ஆங்கில ஆண்டு வந்து விடும். 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் சப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். அக்காலத்துச் சயாமியத் தாளாக இருந்தால் பௌத்த ஆண்டு 2486 என்று நிற்கும்; அதில் 543ஐக் கழிக்க வேண்டும். ஆங்கில ஆண்டையும் சேர்த்தால், இருபது ஆண்டுக்குள் ஒரே வீட்டுப் பெட்டியில் ஐந்து வகை ஆண்டுகள் சேர்ந்து கிடக்கும். குடும்பத்தார் ‘அப்பாவின் வயது ஒன்றுக்கொன்று ஒத்து வரவில்லை, எவரோ பொய் எழுதியிருக்கின்றனர்’ என்று சொல்வதுண்டு. எவரும் பொய் எழுதியிருக்க வேண்டியதில்லை.

பெயரும் அவ்வாறே. ஆங்கிலேயன் குடும்பப் பெயரைப் பிடித்துக் கொண்டு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்கிறான். தமிழனுக்குத் தந்தையின் பெயரே அடுத்த படி. அதற்கு மேல் ஏற வேண்டுமாயின் தந்தையின் தந்தை பெயர் தனியே கிடைக்க வேண்டும். எனினும் இங்கு ஒரு வழக்கு துணை செய்கிறது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. மூத்த மகனுக்குப் பாட்டன் பெயர் இடும் குடும்பங்களில் இரண்டு பெயர்களே மாறி மாறி வரும். ஜாவியில் ழகரமும் ளகரமும் இல்லை. உயிரெழுத்துகள் பலவும் எழுதப்படுவதில்லை. ஆங்கிலக் கிராணியார் முத்துசாமியை மூன்று வகையாக எழுதினார். செக்ரோல் ஏட்டில் ஒரே பெயருடையோர் நால்வர் இருந்தால் முதலாம் ராமசாமி, இரண்டாம் ராமசாமி என்று அரசர் வரிசை போல எண்ணிட்டனர். முதலாம் ராமசாமி விலகிச் சென்றால் இரண்டாமவன் முதலாமவன் ஆகிவிடுவதும் உண்டு. தேடுவோர் இதனை மறந்து விட்டால் வேறொருவரின் பாட்டனைத் தம் பாட்டனாகக் கொள்வர்.

பள்ளியின் சேர்க்கை ஏடு

செக்ரோல்களில் மிகுதி அழிந்து போயின. தோட்டம் கைமாறும் போதும், துண்டாடப்பட்ட போதும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்ட போதும் பழைய ஏடுகளைக் காப்பார் இல்லை. கரையான் தின்றது பாதி; எரிந்தது பாதி. கெடாத் தோட்டங்களில் அவற்றைக் காட்டிலும் அதிகமாகப் பிழைத்திருப்பது தமிழ்ப்பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுதான்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டரசு மலாய் மாநிலங்களில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வைக்கும்படி துரைமாரைக் கட்டாயப்படுத்த இடம் தந்தது. கெடாவிலும் தோட்டப் பள்ளிகள் பெருகின. பள்ளி சிறு கொட்டகையானாலும் ஏடு ஒன்று இருந்தது. சேர்க்கை எண், பெயர், தந்தை பெயர், பிறந்த நாள், சேர்ந்த நாள், முன்பு படித்த பள்ளி, விலகிய நாள், விலகிய காரணம். இவற்றுள் கடைசிப் பத்தியையே பலரும் கவனியாது விடுகின்றனர். ‘பெற்றோர் வேறு தோட்டம் சென்றனர்’, ‘இந்தியா சென்றனர்’, ‘பால்வெட்டுக்குச் சென்றான்’ என்ற ஒரு வரி, அக்குடும்பம் எந்த ஆண்டு எங்கே இருந்தது என்பதைத் திட்டமாகச் சொல்லி விடும். தம்பி தங்கையர் சேர்ந்த ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் குடும்பம் தோட்டம் தோட்டமாக நகர்ந்த வழி புலனாகும்.

பிறந்த நாள் பத்தியை மட்டும் ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்கு ஆசிரியரே உத்தேசமாக ஒரு நாள் குறித்தது பல பள்ளிகளில் நிகழ்ந்தது. ஒரே வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் சனவரி முதல் தேதி பிறந்திருந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. அந்நாளில் அது சிறிய காரியம். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம்.

ஆனால் அதன் விளைவு சிறிதன்று. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய மலாயாவில் பிறந்தோர், பெற்றோர் எவராயினும், பெரும்பாலும் பிறப்பினாலேயே குடிமக்கள். 1962 அக்டோபருக்குப் பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருத்தல் வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் நிலையாக இருந்தது. 1962 ஆவணியில் பிறந்த குழந்தைக்கு ஏட்டில் 1963 சனவரி முதல் தேதி என்று எழுதியிருந்தால், அந்த ஒரு வரி ஒருவரின் நீல அடையாள அட்டைக்கும் சிவப்பு அடையாள அட்டைக்கும் நடுவே நிற்கக் கூடும். பிறப்பைப் பதியாமல் விட்டவர் பிற்காலத்தில் பதிவுத் துறைக்குச் செல்லும் போது, கேட்கப்படும் கேள்விகள் பழைய ஆங்கில நாட்டு நடுவர் கேட்டவற்றை ஒத்தவையே: எங்கே பிறந்தாய், தாய் எங்கே வேலை செய்தாள், யார் சாட்சி? அப்போது சேர்க்கை ஏட்டின் ஒரு பக்கம் துணைச் சான்றாகும். பழைய ஏட்டைப் பழங்காகிதமாகப் போடுகின்ற பள்ளி, அறியாமல் எவரோ ஒருவரின் உரிமையைப் போட்டு விடுகின்றது.

இலத்தீனில் எழுதிய தமிழர்

ஆங்கிலப் பங்கு ஏட்டுக்கு மிக நெருங்கியது கத்தோலிக்கக் கோயில்களின் ஏடு. பிரெஞ்சுக் குருமார் வகுத்த முறை அது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரையில் பதிவு இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. ஆகவே சவரிமுத்து அங்கே ஃபிரான்சிஸ்குஸ் சவேரியுஸ் ஆவார்; சூசை யோசேஃபுஸ்; இராயப்பன் பெத்ருஸ்; சின்னப்பன் பௌலுஸ்; யாகப்பன் யாக்கோபுஸ்; அருளப்பன் யோவான்னெஸ். தமிழ்ப் பெயரைத் தேடிச் சென்றவர், அப்படி ஒருவர் இல்லை என்று திரும்பி விடுவார். தேடப்பட்டவரோ அதே பக்கத்தில் இருப்பார்.

இவ்வேட்டில் ஆங்கிலத் திருச்சபை ஏட்டிலும் காணாத சிறப்பொன்றுண்டு. 1908 முதல், ஒருவர் எங்கே மணந்தாலும் அச்செய்தியை அவர் திருமுழுக்குப் பெற்ற கோயிலுக்கு எழுதியனுப்பி, அங்குள்ள பழைய பதிவின் ஓரத்தில் குறித்தல் வேண்டும் என்பது விதி. கூலிமில் மணந்தவரின் செய்தி தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கோயிலின் ஏட்டோரத்தில் இருக்கக் கூடும். இங்குள்ள மணப்பதிவிலும் திருமுழுக்குப் பெற்ற ஊர் காட்டப்பட்டிருக்கும். கடலின் இரு கரையையும் ஒரே வரியில் கட்டும் பதிவு தோட்டத் தமிழருக்கு வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. கோயில் எல்லையும் மாநில எல்லையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. கெடாத் தோட்டத்தவரின் பழைய பதிவைக் கூலிம், சுங்கை பட்டாணிக் கோயில்களோடு பினாங்கிலும் புக்கிட் மெர்தாஜாமிலும் தேடுதல் வேண்டும்.

இந்துக்களுக்கு இத்தகைய ஏடில்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினால் போதும். ஊரார் கண்டதே பதிவு. 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சு முதல் தேதி நடப்புக்கு வந்த பின்னரே பதிவு கட்டாயமாயிற்று. அதன் பின்னும் பதியாதவர் உளர். பதியாத மணத்தில் பிறந்த குழந்தையின் குடியுரிமை தாயைப் பொறுத்ததாகி விடும். தாய்க்குத் தாள் இல்லையெனில் தந்தை குடிமகனாக இருந்தும் பிள்ளைக்கு நாடில்லாத நிலை ஏற்படுகின்றது. பாட்டியின் பிறப்புச் சான்றைத் தேடி அலைவோரில் பாதிப் பேர் குலப்பெருமை பேச வந்தவரல்லர். பேரப்பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்.

பழைய நாட்டின் ஊர்

ஊர் தெரிந்த பின்னரும் மாவட்டம் குழப்பும். பெரியவர் ஒருவர் ‘நாமக்கல், திருச்சி ஜில்லா’ என்கிறார். அவர் பங்காளி வீட்டில் ‘நாமக்கல், சேலம் ஜில்லா’ என்கின்றனர். இருவரும் சொல்வது சரி. நாமக்கல் தாலுகா 1910இல் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்கு மாற்றப்பட்டு, 1929இல் மீண்டும் சேலத்தோடு சேர்க்கப்பட்டது; 1997இல் தனி மாவட்டமே ஆயிற்று. ஆகவே திருச்சி என்று சொல்லும் வழிமுறை அந்தப் பத்தொன்பது ஆண்டுக்குள் கப்பலேறியதாகக் கொள்ள இடமுண்டு. கெடாவுக்குத் தமிழர் பெருந்தொகையாக வந்த காலமும் அதுவே. பிறழ்ந்து போன ஒரு முகவரி இங்கே ஆண்டைச் சொல்லும் சான்றாகி விடுகிறது. தென்னார்க்காடு, வடார்க்காடு என்று பழைய கடிதத்தில் கண்டால் இன்றைய நிலப்படத்தில் அவை இல்லை. விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, இராணிப்பேட்டை முதலியவற்றுள் தேட வேண்டும்.

அங்கு சென்று தேடுவோர் முதலில் நாடுவது பட்டா, சிட்டா, அடங்கல். இங்கே ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லி விடுதல் நன்று. தோட்டத்துக்கு வந்தோரில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். அவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். நில ஏட்டில் நிலம் உடையவன் பெயர் இருக்கும். அந்நிலத்தில் நடவு நட்டவன் பெயர் இராது. ஆங்கிலச் சிற்றூரின் உழவுக் கூலிக்கு அடக்கம் செய்த நாளாவது எழுதப்பட்டது. இவர்களுக்கு ஊர் அதிகாரிகள் வைத்திருந்த பிறப்பு, இறப்பு ஏடே நம்பிக்கை. அது 1899ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தின்பின் சீர்பட்டது. அதிலும் சேரிப் பிறப்புகள் ஒழுங்காக எழுதப்பட்டன என்று கொள்வதற்கில்லை.

ஏடு கைவிடும் இடத்தில் குலதெய்வம் கைகொடுக்கிறது. தோட்டத்து மக்கள் ஊர்ப் பெயரை மறந்தாலும் குலதெய்வத்தை எளிதில் மறப்பதில்லை. தோட்டக் கோயில்கள் பல, பழைய ஊர்க் கோயிலிலிருந்து பிடிமண் கொணர்ந்து எழுப்பப்பட்டவை. யார் எங்கிருந்து கொணர்ந்தார் என்பது கோயில் பெரியவர் நினைவில் இருக்கும். பித்தளைக் குடத்திலும் தட்டிலும் வெட்டிய பெயர்களையும் பார்க்க வேண்டும். சீர்வரிசையாக வந்த பாத்திரத்தில் கொடுத்தவர் பெயரும் நாளும், சில வேளை ஊரும் புள்ளி புள்ளியாகக் குத்தப்பட்டிருக்கும். பழைய சாமான் வாங்குவோரிடம் எடைக்குப் போன குடங்களோடு எத்தனை ஊர்கள் போயினவோ!

போர்க்காலம் இத்தேடலில் ஒரு பள்ளம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம், பர்மா இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட ஆடவரில் மிகப் பலர் திரும்பவில்லை. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளருக்கு அத்தகையன இல்லை. இறப்புச் சான்றும் இல்லை. குடிவழி எழுதுவோர் அவர்களின் இறந்த நாளைத் தேடிக் காலம் கழிப்பதை விட, கடைசியாக எந்தச் செக்ரோலில், எந்தக் கடிதத்தில் பெயர் வந்தது என்று குறித்து வைப்பதே செய்யக் கூடியது.

போருக்குப் பின் தாள்கள் பெருகின. 1948இல் நெருக்கடி நிலை பிறந்ததும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கெல்லாம் அடையாள அட்டை வந்தது. 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தையே. பாட்டன் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்த பங்குப் புத்தகத்தைச் சில வீடுகளில் இன்றும் காணலாம். ‘தமிழ் நேசன்’ நாளிதழ் 1924 முதல் 2019 வரை வெளிவந்தது. அதன் மரண அறிவிப்புகளில் இறந்தவரின் மக்கள், மருமக்கள், அவர்கள் வாழும் தோட்டங்கள் வரை பெயர் பெயராகக் கிடைக்கும்.

எழுத்தை விட விரைவில் மறைவது வாய்ச் செய்தி. பெரியோரிடம் கேட்கும் முறையிலும் பழக்கம் வேண்டும். ‘நம்ம ஊர் எது, பாட்டி?’ என்று கேட்டால், ‘இதுதான்யா நம்ம ஊரு’ என்று தோட்டத்தையே காட்டுவார். ‘தாத்தாவுக்கு முதல் முடி எந்தக் கோயிலில் எடுத்தார்களாம்?’ என்று கேட்டால் தெய்வத்தின் பெயர் வரும். ‘மணியார்டர் எந்தத் தபாலாபீசுக்குப் போகும்?’ என்று கேட்டால் தாலுகா வரும். ‘கப்பலில் உங்களோடு யார் யார் வந்தார்கள்?’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். எழுதிக் கொள்ளத் தாள் இரண்டு கூடுதலாக எடுத்துச் செல்ல வேண்டும்.